குடை விரிந்தால் ஆளில்லை

ஓடத்துறை ஸ்டேஷனின் உயர்வகுப்பு வெயிட்டிங் ஹாலுக்குள் வேலம்மாள் முதல்தடவையாகக் காலெடுத்து வைத்தது, அதை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த ஹாலின் ஜன்னலுக்கு வெளியே, தூணோரம் உட்கார்ந்து எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் விற்கிறவள் அவள். உள்ளே தேக்குச் சாய்வு நாற்காலி கிடப்பதும், நீளக் கம்பியில் மின்விசிறி தொங்குவதும் ஜன்னல் வழியாகப் பார்த்துத் தெரியும். உள்ளே போவதற்கு அந்த வகுப்பு டிக்கெட் அவளிடம் இருந்ததில்லை. சொல்லப்போனால் எந்த வகுப்பு டிக்கெட்டும் இருந்ததில்லை.

இன்றைக்கு யார் வேண்டுமானாலும் போகலாம் என்று வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். ஸ்டேஷனைப் புதிதாகக் கட்டும் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது, கருத்துகள் வரவேற்கப்படுகின்றன என்று எழுதியிருந்தது. டீயும் பிஸ்கட்டும் உண்டு. வேலம்மாளோடு அக்னஸும் ஜமால் பாயும் வந்திருந்தார்கள். அக்னஸ் கொய்யாவும் வெள்ளரிப்பிஞ்சும் விற்கிறவள். ஜமால் பாய் சமோசாவும் டீயும். அங்கே கொடுத்த டீயை ஒரு வாய் குடித்ததும், "நம்ம டீயைவிட மட்டமா இருக்கே" என்று சொல்லிவிட்டு இன்னொரு கப் வாங்கிக்கொண்டார்.

ஹாலின் நடுவில் பெரிய கண்ணாடிப் பெட்டி. அதற்குள் வெள்ளை அட்டையில் புது ஸ்டேஷன். வெள்ளைக்காரன் கட்டிய செங்கல் முகப்பையும் வளைவையும் மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் அப்பளம் மாதிரி ஒரு கண்ணாடிக் கூரை பரந்து கிடந்தது. நகரும் படிக்கட்டு, காபிக் கடை, ஸ்ரீரங்கம் போகிற யாத்ரீகர்களுக்குத் தனி வாசல், கார் நிறுத்த மூன்று அடுக்கு. நடைமேடை முழுக்கத் தீக்குச்சி மருந்து அளவுக்கு மனுஷ பொம்மைகள். சூட்கேஸ் இழுக்கிற பொம்மை, பிள்ளையைத் தூக்கிய பொம்மை, ஓரமாகப் படுத்திருக்கும் ஒரு நாய்கூட இருந்தது. வேலம்மாள் கண்ணாடியில் மூக்கு ஒட்டக் குனிந்து தன் தூணைத் தேடினாள். தூண் இருந்தது. பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருந்தது. தூணடியில் ஒரு செடித்தொட்டியை வைத்திருந்தார்கள்.

பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த பெண் திட்டம் போடும் கம்பெனிக்காரி. யாழினி என்று கழுத்து அட்டையில் எழுதியிருந்தது. துவாக்குடி இன்ஜினியரிங் காலேஜில் படித்தவளாம். முகத்தில் எரிச்சல் இல்லாமல் எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, எங்க எடம் எங்க இருக்கு?" என்று வேலம்மாள் கேட்டாள்.

"எந்த இடம்மா?"

"நாங்க விக்கற எடம். இந்தத் தூணோரம் நானு. அக்னஸு அந்த பெஞ்சுக்கிட்ட. பாய் ரெண்டாம் நம்பர்ல."

யாழினி பெட்டியைப் பார்த்தாள், இவர்களைப் பார்த்தாள். "இங்க விக்கறீங்களா? நடைமேடையிலயா?"

"பின்ன? இத்தன வருஷமா."

"அம்மா, போன மாசி மாசம் நான்தான் இங்க ஆளுங்களோட நின்னு எண்ணினேன். மூணு நாள் முழுக்க. ஏறினவங்க, இறங்கினவங்க, ஆட்டோ, போர்ட்டரு, படுத்துத் தூங்கறவங்க எல்லாம் எண்ணினோம். நாயைக்கூட எண்ணினோம். விக்கறவங்கன்னு ஒருத்தர்கூட இல்லையே."

"நாய எண்ணினீங்களா?" என்றாள் அக்னஸ்.

"ஏழு நாய்."

அக்னஸ் கண்ணாடிக்குள் படுத்திருந்த நாய் பொம்மையைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த மூன்று நாள் வேலம்மாளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அழகிரியின் குடை மூன்று நாளும் விரிந்தே கிடந்த மூன்று நாள் அது.

அனுமதிச்சீட்டு இல்லாமல் நடைமேடையில் விற்பது குற்றம். அதை இவர்கள் யாரும் மறுத்ததில்லை. வந்து பிடிப்பவர்களிடமும் இவர்களுக்குப் பெரிய கோபம் கிடையாது. அவர்கள் பிடிப்பதும் இவர்கள் ஓடுவதும் வெயில் மழை போல நடந்துகொண்டிருக்கும். ஓடுவதற்கு ஒரு ஏற்பாடு மட்டும் வேண்டியிருந்தது. அந்த ஏற்பாட்டின் பெயர் அழகிரி, வேலம்மாளின் வீட்டுக்காரன். வயசுக் காலத்தில் ஓடுகிற ரயிலில் ஏறி இறங்கிச் சீப்பு விற்றவன். ஒருநாள் கால் தவறியதில் இடது கால் விந்தலாகி, இழுத்து இழுத்து நடக்கும்படி ஆகிப்போனது. அதற்குப் பிறகு இரண்டு நடைமேடையையும் இணைக்கும் பாலத்தின் உச்சியில் தார்ப்பாய் விரித்து, கைக்குட்டையும் சீப்பும் போன் சார்ஜர் வயரும் விற்றான். அங்கிருந்து பார்த்தால் ரோட்டில் திரும்புகிற ஜீப்பும் தெரியும், கீழே நடைமேடையில் அக்னஸ் கொய்யாவுக்கு மிளகாய்ப்பொடி தடவுவதும் தெரியும்.

அவன் கையில் எப்போதும் ஓர் ஆரஞ்சு நிறப் பெரிய குடை மடித்தபடி இருக்கும். செருப்புத் தைக்கிறவர்கள் தெருவோரத்தில் நட்டு வைக்கும் ரகம். காக்கியைக் கண்டால் அதை விரிப்பான். குடை விரிந்த மறுநிமிஷம் கூடைகள் மூடும், கேன்கள் தூக்கப்படும். எல்லாரும் பழைய கூட்ஸ் ஷெட்டின் இடிந்த சுவருக்குப் பின்னால் போய்விடுவார்கள். ஷெட்டிலிருந்து பார்த்தால் பாலம் தெரியாது. அதனால் ஆபத்து நீங்கியதும் முதலில் வெளியே வருகிற வேலை வேலம்மாளுக்கு. எட்டிப் பார்த்து, குடை மடங்கியிருந்தால், தூணோரம் போய் உட்கார்ந்து, "எலுமிச்ச சாதேம்ம்... தயிர் சாதேம்ம்..." என்று ஒரு குரல் கொடுப்பாள். அதைக் கேட்டுத்தான் மற்றவர்கள் வெளியே வருவார்கள். இதெல்லாம் யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததல்ல. பழகிப் பழகி அப்படி ஆனது.

இதில் அழகிரி பட்ட பாடு ஒன்று உண்டு. காரணமில்லாமல் குடையை விரிக்க முடியாது. சித்திரை வெயிலில் பாலத்து இரும்பு கொதிக்கும்போதும் மடித்த குடையைக் கையில் வைத்துக்கொண்டு வேர்வையில் குளிப்பான். ஐப்பசி மழையில் தொப்பலாக நனைவான். "பெரியவரே, கையில குடைய வெச்சுக்கிட்டு நனையறீங்களே?" என்று யாராவது கேட்டால், "குடை நனைஞ்சா வீணாப்போயிரும் சார்" என்பான். பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

அந்த மாசி மாதம், சிவப்புச் சட்டை போட்ட ஆட்கள் கையில் பலகையும் கழுத்தில் அட்டையுமாகக் கூட்டமாக வந்து இறங்கியபோது குடை விரிந்தது. காலையில் விரிந்தது சாயங்காலம்தான் மடங்கியது. மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும். மூன்று நாள் சோறு பொட்டலம் பொட்டலமாகக் கெட்டுப்போனது. ஆனாலும் ஒருவரும் மாட்டவில்லை. ஓர் ஈ காக்கா கண்ணில் படவில்லை என்று அந்தக் கூட்டம் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பியதை எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஜமால் பாய் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். கடலை விற்கும் வீரமலை, அழகிரியின் தோளில் ஒரு துண்டைப் போர்த்தினான்.

ஹாலில் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் வேலம்மாள் மறுநாளைக்கான எலுமிச்சம்பழங்களை அரிவாள்மணையில் இரண்டாக நறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். கழுவிய வாழையிலைச் சருகுகள் ஈரத்தோடு முற்றத்தில் கிடந்தன. காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், ரோட்டுக்கு ஓர் ஆள் உயரம் கீழே இறங்கிய வீடு. மகள் பானுப்ரியா தில்லை நகரில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள். பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மா சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அழகிரி குடையை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே வந்தான்.

"ஏங்க, நம்மள எண்ணவே இல்லையாம்" என்றாள் வேலம்மாள்.

"எதுல?"

"போன மாசியில மூணு நாள் குடை விரிச்சீங்களே, அது பிடிக்க வந்த கூட்டம் இல்லையாம். எண்ண வந்த கூட்டமாம். புது ஸ்டேஷன்ல யாருக்கு எவ்வளவு எடம் ஒதுக்கணும்னு பார்க்க வந்தவங்களாம். நாம யாருமே இல்லன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. எம் தூணடியில பூந்தொட்டி வெச்சிருக்காங்க."

அழகிரி சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டிருந்தான். கழற்றிய பித்தானைத் திரும்பவும் மாட்டினான்.

"பொங்கல் கழிச்சு தகரம் அடிச்சு அடைக்கப் போறாங்களாம். அப்புறம் உள்ள போக முடியாது. எண்ணின ஆளுங்களுக்குத்தான் புதுசுல எடம்னு அந்தப் பொண்ணு சொல்லுது. போர்ட்டருக்கு ஓய்வறை இருக்கு. ஆட்டோவுக்கு நிழல் இருக்கு. நாய்க்குப் பொம்மை வெச்சிருக்காங்க."

"அதெப்படிம்மா" என்றாள் பானுப்ரியா. "இப்படி எண்ணறதுன்னா முன்னாடியே சொல்லிட்டுத்தானே வருவாங்க? எங்க கிளினிக்குக்கு ஒருத்தர் பார்க்க வர்றதுன்னாகூட நாலு தடவை போன் வருது. உங்க யாருகிட்டயும் சொல்லலையா?"

"யாரு சொன்னா? ஒருத்தரும் சொல்லல."

அழகிரி சுவரோரம் மெதுவாக உட்கார்ந்தான். விந்தல் காலைக் கையால் தூக்கி நீட்டிக்கொண்டான்.

"சொன்னாங்க" என்றான்.

வேலம்மாள் கையில் பாதி பிழிந்த எலுமிச்சை அப்படியே நின்றது.

"முந்தின நாள் சாயங்காலம் அந்தப் பொண்ணு பாலத்துமேல வந்துச்சு. ஒரு கைக்குட்டை வாங்கிச்சு. அண்ணா, நாளைக்கு எண்ண வரோம், எல்லாரையும் வழக்கம்போல இருக்கச் சொல்லுங்கன்னுச்சு. வழக்கம்போல இருங்கன்னு நம்மகிட்ட எவனாவது சொல்லியிருக்கானா? நீயே சொல்லு. பொறி வைக்கறாங்கன்னுதான் நெனச்சேன்."

"எங்கிட்டகூட வாயத் தொறக்கலையே."

"சொல்லியிருந்தா இருந்துதான் பார்ப்போமேன்னு சொல்லியிருப்ப நீ. அதுல ஒரு ஆள் மாட்டியிருந்தா? அழகிரி குடை இருந்தும் மாட்டிட்டாங்கன்னு ஆயிருக்கும்."

"பாய் பிரியாணி வாங்கிக் குடுத்தாரே, வாங்கித் தின்னீங்களே."

"தின்னேன்."

பானுப்ரியா அம்மாவைப் பார்த்தாள். வேலம்மாள் கையிலிருந்த பழத்தைப் பிழிந்து முடித்தாள். அடுத்த பழத்தை எடுத்தாள். அதையும் பிழிந்தாள். கொட்டை விழுவது தெரியாமல் பிழிந்துகொண்டே இருந்தாள். கோபம் வந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள். வந்தது கோபம் இல்லை. இத்தனை வருஷம் எல்லாரையும் காப்பாற்றிய கை, எல்லாரையும் இல்லாமல் ஆக்கிவிட்டது என்பதை அவளால் உடனே உள்ளே வாங்க முடியவில்லை.

"இத வெளிய சொல்லாத" என்றான் அழகிரி.

"சொல்லல. ஆனா இதை நீங்கதான் சரி பண்ணணும்."

மறுநாள் பானுப்ரியா வேலைக்குப் போகிற வழியில் அம்மாவை அழைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். யாழினி அவர்களை உட்கார வைத்துப் பேசினாள். எண்ண வந்த நாளில் எல்லாரும் ஓடி ஒளிந்தார்கள் என்று கேட்டதும் அவள் முகம் வெளுத்தது.

"நான் பாலத்துல ஒரு அண்ணாகிட்ட சொன்னேனே" என்றாள்.

வேலம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அது யார் என்று சொல்லவில்லை.

"திட்டம் இன்னும் முடிவாகலம்மா. கருத்துக் கேட்கற நாள் முடியறதுக்குள்ள மறுபடி ஒரு எண்ணிக்கைக்கு அனுமதி வாங்கறேன். ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். ஆனா ஆளை நேர்ல பார்க்கணும். உட்கார்ற இடத்துல, கூடையோட, போட்டோ எடுக்கணும். சாட்சிக்கு ஸ்டேஷன் போலீஸ் ரெண்டு பேர் கூட வருவாங்க."

"போலீஸா?"

"விதிம்மா. நானா போய் எழுதினா, இல்லாதவங்களை எழுதிட்டேன்னு ஆயிடும். அன்னிக்கு யாரையும் பிடிக்கக் கூடாதுன்னு பேசிடறேன்."

"மறுநாளு?"

யாழினி கொஞ்சம் யோசித்தாள். "அதுக்கு நான் வாக்குக் குடுக்க முடியாதும்மா."

"எண்ணிட்டா எடம் உண்டா?" என்றாள் பானுப்ரியா.

"எண்ணினா கேட்கலாம். எண்ணலைன்னா கேட்கவே முடியாது."

நேர்மையான பெண்தான். கொஞ்சம் பொய் சொல்லியிருந்தால் வேலம்மாளுக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

மத்தியான வண்டி போன பிறகு கூட்ஸ் ஷெட்டில் கூடினார்கள். யாரும் துரத்தாமல் அந்த ஷெட்டில் அவர்கள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஜமால் பாய் மீந்த சமோசாவைப் பிய்த்து எல்லாருக்கும் கொடுத்தார். வேலம்மாள் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் முதலில் பேசியது வீரமலை. மனைவி இல்லாதவன், இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்கிறவன், எதையும் இரண்டு தடவை சந்தேகப்படுகிறவன்.

"போலீஸ் முன்னாடி கூடையோட உட்காரணுமா? போட்டோ வேற? அக்கா, இது கோழி தானா மசாலா தடவிக்கிட்டு நிக்கற கதையா இருக்கு."

"அந்தப் பொண்ணு அப்படிப்பட்டவ இல்லடா."

"அவ இல்லக்கா. மறுநாள் வர்றவன் கையில அந்த போட்டோ இருக்குமே. எவன் மூஞ்சின்னு தேட வேண்டியதில்ல பாருங்க."

"வீரமலை சொல்றதும் நியாயம்தான்" என்றார் ஜமால் பாய். "ஆனா ஒண்ணு. பொங்கல் கழிச்சு எப்படியும் வெளிய போகப் போறோம். மூஞ்சி தெரிஞ்சு போனா என்ன, தெரியாம போனா என்ன? அல்லா விட்ட வழி, நான் உட்கார்றேன்."

அக்னஸ் வாசல் பக்கம் திரும்பினாள். "அழகிரி அண்ணே, நீ என்ன சொல்ற?"

அழகிரி ஷெட்டின் வாசலில் நின்றிருந்தான். "உட்காருங்க. ஒண்ணும் ஆகாது. அன்னிக்கு நான் குடைய வீட்டுலயே வெச்சிட்டு வரேன்."

"அய்யய்யோ, அது வேணாம்" என்றாள் அக்னஸ். "குடை இல்லாம நீ மேல நின்னா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. மடக்கின குடையப் பார்த்தாத்தான் தைரியமே. நீ வழக்கம்போல கையில புடிச்சிக்கிட்டு நில்லு. அது மடங்கியிருக்கற வரைக்கும் எவன் வந்தாலும் நான் அசைய மாட்டேன்."

"ஆமாண்ணே" என்றான் வீரமலை. "குடை மடங்கியிருந்தா நானும் உட்கார்றேன்."

அழகிரி வேலம்மாளைப் பார்த்தான். சொல்லிவிடலாமா என்று கேட்கிற பார்வை. இத்தனை பேர் நம்பிக்கையோடு முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்வதற்கு வாய் வரவில்லை. சரி என்று தலையை ஆட்டினான்.

எண்ணிக்கை நாள் மேகம் கட்டியிருந்தது. தீபாவளி முடிந்து மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த சமயம். வேலம்மாள் விடியுமுன் எழுந்து சோறு வடித்து, பாயில் கொட்டி ஆற வைத்து, கடுகும் கடலைப்பருப்பும் வரமிளகாயும் தாளித்துக் கொட்டிக் கிளறினாள். அன்றைக்கு முந்திரி நாலு போட்டாள். யாரும் கேட்கவில்லை, போட்டோவில் தெரியட்டும் என்று போட்டாள். துவைத்த நீலச் சேலை கட்டினாள். போகும்போது வாசலில் அழகிரி குடையை எடுத்துக்கொண்டு நின்றான். இரண்டு பேரும் பேசாமல் நடந்தார்கள்.

பத்து மணிக்கெல்லாம் எல்லாரும் இடத்தில் இருந்தார்கள். அக்னஸ் கொய்யாவைத் துணியால் துடைத்துத் துடைத்து அடுக்கினாள். ஜமால் பாய் தலையில் வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார். வீரமலை இரண்டாம் நடைமேடையின் வால் பக்கம், காகிதப் பொட்டலங்களை வரிசையாக நிறுத்திவிட்டு, நிமிஷத்துக்கு ஒருதரம் பாலத்தை நிமிர்ந்து பார்த்தான். அழகிரி மேலே மடித்த குடையோடு நின்றான். எல்லாரும் அதைப் பார்த்தார்கள். மடங்கித்தான் இருந்தது.

யாழினியும் இன்னும் இரண்டு பேரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பின்னால் இரண்டு காக்கிகள். எல்லாரும் எதிர்பார்த்தபடிதான். எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. அவர்கள் முன்வாசல் வழியாக நடைமேடைக்கு வராமல், ஸ்டேஷன் முழுக்க மேலிருந்து ஒரு போட்டோ எடுக்கலாம் என்று நேராகப் பாலத்தில் ஏறினார்கள். காக்கி இரண்டும் முன்னால் ஏறியது. படியில் பூட்ஸ் சத்தம் கேட்டு அழகிரி திரும்பினான். இரண்டு படிக்குக் கீழே, அவன் முகத்துக்கு நேராக, காக்கித் தொப்பி.

கீழேயிருந்து வேலம்மாள் அதைப் பார்த்தாள். ஆரஞ்சு நிறம் ஒரு தடவை உதறி, வட்டமாக விரிந்தது.

பெஞ்சோரம் கூடை சரிகிற சத்தம், கொய்யா உருள்கிற சத்தம். அக்னஸின் சேலை ஷெட்டுச் சுவருக்குப் பின்னால் போய் மறைந்தது. ஜமால் பாய் கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினார். வீரமலை இருந்த இடத்தில் கடலைப் பொட்டலம் மட்டும் நின்றது. கண்ணை மூடித் திறப்பதற்குள் நடைமேடை துடைத்துவிட்டது மாதிரி ஆகிவிட்டது. வேலம்மாளின் கை தானாகக் கூடையைத் துணியால் மூடியிருந்தது. காலும் எழுந்திருக்கப் பார்த்தது. எழவில்லை. பிற்பாடு அதைத் தைரியம் என்று சொன்னார்கள். தைரியமெல்லாம் ஒன்றுமில்லை. அதிர்ச்சியில் முழங்கால் மடங்கியது மடங்கியபடியே இறுகிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

யாழினி படியிறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தாள். "என்னம்மா இது, மத்தவங்க எல்லாம் எங்க?"

யாழினி கையில் டேப்லெட் தயாராக இருந்தது. காக்கி இரண்டும் பின்னால் வந்து நின்றது.

"சரி, உங்களை முதல்ல எழுதிக்கறேன். பேர் சொல்லுங்கம்மா."

அப்போதுதான் வேலம்மாளுக்கு முழுசாகப் புரிந்தது. வீட்டுக்காரன் குடையை விரிக்கிறான். எல்லாரும் ஓடுகிறார்கள். அவன் பெண்டாட்டி மட்டும் துவைத்த சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்து பெயரைப் பதிகிறாள். இதை யார் பார்த்தாலும் என்ன நினைப்பார்கள்? இனி ஓடத்துறையில் யார் முகத்தில் முழிப்பது? புது ஸ்டேஷனில் அவளுக்கு மட்டும் ஓர் இடம் கிடைத்தால், அந்த இடத்தில் உட்கார்ந்து அவள் யாருக்குச் சோறு விற்பாள்?

"இரு பாப்பா" என்றாள்.

கூடையின் துணியை எடுத்தாள். பொட்டலங்களைத் தெரியும்படி அடுக்கினாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, இத்தனை வருஷம் கொடுத்த அதே குரலைக் கொடுத்தாள்.

"எலுமிச்ச சாதேம்ம்... தயிர் சாதேம்ம்..."

காக்கிகளில் மூத்தவர் திகைத்துப்போய் ஓரடி பின்னால் நகர்ந்தார். வேலம்மாள் நிறுத்தவில்லை. இரண்டாம் தடவை குரல் உடைந்தது, மூன்றாம் தடவை உடையவில்லை. ஷெட்டுச் சுவரோரம் அக்னஸின் தலை தெரிந்தது. காக்கியைக் கண்டதும் உள்ளே போனது. வேலம்மாள் அந்தப் பக்கமாகவே திரும்பி உட்கார்ந்து இன்னும் ஒருமுறை குரல் கொடுத்தாள். தலை மறுபடி வந்தது. அக்னஸ் சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணால் பார்ப்பதை நம்பாமல் காதால் கேட்டதை நம்பி, வெறும் கூடையோடு வெளியே நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் ஜமால் பாய். அவருக்குப் பின்னால் பூக்காரி, முறுக்கு விற்கிறவர், நெல்லிக்காய்க்காரி, ஒவ்வொருவராக, காக்கிக்கு எதிரிலேயே வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள்.

"இத்தன பேரா?" என்றார் மூத்த காக்கி. அவருக்கும் அது அதிர்ச்சிதான்.

யாழினி ஒவ்வொருவராக எழுதினாள், போட்டோ எடுத்தாள். வீரமலையின் இடத்துக்கு வந்ததும் நின்றாள். கடலைப் பொட்டலங்கள் சில சாய்ந்து கிடந்தன.

"இவரு?"

"வருவான்" என்றாள் வேலம்மாள். குரல் கொடுத்துப் பார்த்தாள். வரவில்லை. ஷெட்டில் போய்ப் பார்த்த அக்னஸ், பின்சுவரைத் தாண்டிப் போய்விட்டான் என்றாள்.

"நேர்ல இருந்தாத்தான்மா எழுத முடியும். பன்னெண்டு மணி வரைக்கும் நேரம் இருக்கு. அதுக்கு மேல விடமாட்டாங்க."

அப்போது அழகிரி பாலத்திலிருந்து இறங்கி வந்தான். காலை இழுத்து இழுத்து வந்து அவர்கள் நடுவில் நின்றான். விரித்த குடை கையில் அப்படியே இருந்தது. அதை மடக்க வேண்டும் என்பதே அவன் நினைவில் இல்லை.

"ஏண்ணே விரிச்ச?" என்றாள் அக்னஸ். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"தெரியலம்மா. கை விரிச்சிருச்சு." யாழினியைக் காட்டினான். "போன தடவையும் இந்தப் பொண்ணு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்துச்சு. நாந்தான் நம்பல. உங்க ஒருத்தர்கிட்டயும் சொல்லல. சொல்லாமதான் பாய் வாங்கிக் குடுத்த பிரியாணியத் தின்னேன்."

ஜமால் பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். யாழினி அப்போதுதான் அவனை அடையாளம் கண்டுகொண்டாள்.

"வீரமலைய நான் கூட்டியாரேன்" என்று அழகிரி தண்டவாளத்தில் இறங்கினான். யாரும் தடுப்பதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டான். விந்தல் காலோடு, ஜல்லியில் தடுமாறி, ஆற்றுப் பக்கமாக.

வேலம்மாள் நடைமேடையின் ஓரத்துக்கு வந்து பார்த்தாள். தூரத்தில், தண்டவாளம் காவிரிப் பாலத்தை நோக்கித் திரும்பும் இடத்தில், கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீரமலை நடந்து போய்க்கொண்டிருந்தான்.

"வீரமலை, நில்லுடா, டேய்" என்று அழகிரி கத்தினான்.

வீரமலை திரும்பிப் பார்த்தான். தன்னை நோக்கி ஓடிவருவது அழகிரி என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். அவன் தலைக்குமேல் விரிந்து ஆடுகிற ஆரஞ்சுக் குடையும் தெரிந்திருக்கும். நடந்துகொண்டிருந்தவன் ஓடத் தொடங்கினான்.

"ஏங்க, குடைய மடக்குங்க" என்று வேலம்மாள் கத்தினாள். "குடைய மடக்குங்க."

அத்தனை பேரை வெளியே கொண்டுவந்த குரல் அழகிரிக்கு எட்டவில்லை. அவன் வேகத்தைக் கூட்டினான். முன்னால் ஓடுகிறவனும் கூட்டினான். அரியலூர் பாசஞ்சர் பக்கத்துத் தண்டவாளத்தில் ஊதிக்கொண்டு உள்ளே வந்து இரண்டு பேரையும் மறைத்தது. வேலம்மாளுக்கு எதிரில் நின்ற பெட்டியின் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு, சாதம் இருக்கிறதா என்று கேட்டது. அவள் கண்ணை எடுக்காமல், பெட்டிகளின் இடுக்கு வழியாக அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு பொட்டலத்தைக் கொடுத்தாள். காக்கி இரண்டும் பக்கத்திலேயே நின்றிருந்தது. வண்டி கிளம்பிப் போனபோது தண்டவாளத்தில் யாரும் இல்லை. யாழினி மணியைப் பார்த்தாள்.